கார்ஷ் என்றால் சுருட்டு மட்டும்தானா?

புகைப்படக்காரர் யூசுஃப் கார்ஷ் பெயரை எடுத்தாலே எல்லோரும் அந்தச் சுருட்டுக் கதையைத்தான் சொல்கிறார்கள். 1941 டிசம்பர் 30, கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றம். உரையை முடித்துவிட்டு சபாநாயகர் அறைக்கு வந்த பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலுக்கு, படம் எடுக்கப் போகிறார்கள் என்பதே தெரியாது. எரிச்சலோடு ஒரே ஒரு படத்துக்குச் சம்மதித்தார். சாம்பல் கிண்ணத்தை நீட்டியும் சுருட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. கார்ஷ் அருகே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை உருவிவிட்டார். அடுத்த நொடி சர்ச்சில் முறைத்த முறைப்புதான் இன்று பிரிட்டனின் 5 பவுண்டு நோட்டில் இருக்கிறது.

இதை வைத்து, "பிரபலங்களைச் சீண்டினால்தான் நல்ல படம் கிடைக்கும்" என்று பாடம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சீண்டுவது யாராலும் முடியும். கார்ஷ் முதல் நாள் இரவே விளக்குகளை அமைத்து வைத்திருந்தாரே, அதை ஏன் சொல்வதில்லை? அவருடையது 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமரா. ஓடிப் பிடித்து எடுக்கிற ஜாதி அல்ல. வெளிச்சம் தயாராக இல்லாவிட்டால் அந்த முறைப்பு வீணாகியிருக்கும். அப்புறம், சர்ச்சில் உடனே தணிந்து இன்னொரு படத்துக்கும் இடம் கொடுத்தார். அதில் சிரிக்கிறார். சீண்டல் கதைக்கு உதவாது என்பதால் அதை யாரும் பேசுவதில்லை.

வெளிச்சம்தான் கார்ஷின் உண்மையான தொழில். பாஸ்டனில் அவருடைய குரு ஜான் காரோ பகல் வெளிச்சத்தில் வேலை செய்தவர். 1932இல் ஒட்டாவாவில் சொந்த ஸ்டூடியோ வைத்த பிறகு, அங்கிருந்த நாடகக் குழுவின் மேடை விளக்குகளைப் பார்த்துத்தான் செயற்கை ஒளியின் வசம் போனார். முகத்துக்கு ஒரு வெளிச்சம், கைகளுக்குத் தனி வெளிச்சம். 1948இல் எடுத்த, கண் தெரியாத, காது கேளாத எழுத்தாளர் ஹெலன் கெல்லரின் படத்தைப் பாருங்கள். அந்தக் கைகளும் முகத்துக்கு ஈடாகப் பேசும்.

பெரிய மனிதர்களைச் சிலையாக்கிவிட்டார் என்று ஒரு விமர்சனம் உண்டு. ஓரளவு சரிதான், சில படங்களில் மெருகு அதிகம். ஆனால் அவர் யார்? 1908இல் ஒட்டோமான் பேரரசின் (இன்றைய துருக்கி) மார்தினில் பிறந்த ஆர்மீனியர். அங்கே ஆர்மீனியர்கள் மீது நடந்த இனப்படுகொலையின் கொடுமைகளைச் சிறுவயதில் பார்த்தவர். குடும்பத்தோடு சிரியாவின் அலெப்போவுக்குத் தப்பி, பிறகு கனடாவில் ஃபோட்டோகிராஃபராக இருந்த மாமாவிடம் தனியாக வந்து சேர்ந்த பையன். மனிதன் எவ்வளவு கீழே போவான் என்று கண்ட ஒருவர், எவ்வளவு உயர முடியும் என்று ஆயுள் முழுக்கத் தேடியதில் எனக்குக் குறை தெரியவில்லை.

தவிர, 1954இல் செல்லோ இசைக்கலைஞர் பாப்லோ கசால்ஸை அவர் எடுத்த விதம் வேறு. பிரான்ஸின் பிராத் ஊருக்குப் பக்கத்தில் பழைய மடாலயம். கசால்ஸ் செல்லோவில் பாஹின் இசையை வாசிக்கிறார். கேட்டுக்கொண்டே நின்ற கார்ஷ் படம் எடுக்கவே மறந்துபோனாராம். கடைசியில் முதுகுப்பக்கம் இருந்து எடுத்தார். கல் சுவர், உயரத்தில் சின்ன ஜன்னல், குனிந்து வாசிக்கும் மனிதர், அவ்வளவுதான். ஸ்பெயினில் ஃபிராங்கோ ஆட்சியை ஏற்காமல் நாடு கடந்து வாழ்ந்த கலைஞரின் தனிமை முழுக்க அந்த முதுகில் இருக்கிறது. முகமே இல்லாமல் ஒரு உருவப்படம் எடுக்கத் துணிந்தவரை, சுருட்டைப் பிடுங்கியவர் என்று மட்டும் நினைவு வைத்திருப்பது அநியாயம்.