பெட்டிக்கடைக்காரன் பேசுகிறேன்

கம்பெனி நடத்துவது பற்றி ஒருவர் பேசிய அந்த மேடைப் பேச்சு வீடியோவை இதுவரை முப்பது பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். நான் அந்த ஹாலில் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். "ஃபண்டிங் வாங்காதவன் நடத்துறது கம்பெனி இல்ல, பெட்டிக்கடை" என்று அவர் சொன்னதும் கைதட்டல் கேட்கிறதே, அதில் என் கை இல்லை.

சரி, பெட்டிக்கடைக் கணக்கையே சொல்கிறேன். ஈரோட்டில் ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். 740 கடைகள், கடைக்கு வருடம் 6,000 ரூபாய். என்னையும் சேர்த்து ஏழு பேர். 1ஆம் தேதி சம்பளம் போய்விடும். இத்தனை வருடத்தில் இரண்டு முறை 5ஆம் தேதி ஆனது, மறைக்கவில்லை. கடைக்காரர் காசு கொடுக்கிறார், அந்தக் காசில் கம்பெனி ஓடுகிறது. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வியாபாரம்.

ஃபண்டிங், அதாவது வெளியார் முதலீடு வாங்குவது பாவம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 2010இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கியது இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி. முதலீடு வாங்கி வளர்ந்துதான் 2021இல் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தைக்குப் போனது. பெருமைதான். ஆனால் முதலீட்டு ஃபண்டுக்கும் ஒரு கெடு இருக்கிறது, பொதுவாகப் பத்து வருடம். அதற்குள் பணம் கொடுத்தவர்களுக்கு அதைப் பெருக்கித் திருப்பித் தர வேண்டும். பணம் போட்ட கம்பெனிகளில் பாதிக்கு மேல் முழுகிவிடும் என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் ஜெயிக்கிற ஒன்றிரண்டு பல மடங்கு தந்தே ஆக வேண்டும். நிதானமாக லாபம் பார்க்கிறவன் அந்தக் கணக்கில் உதவாக்கரை. ஜவுளிக்கடை பில்லிங்கில் நூறு மடங்குக்கு நான் எங்கே போவேன்? கடைகளே அவ்வளவு இல்லையே!

"எல்லோரும் ஸ்ரீதர் வேம்பு ஆகிவிட முடியுமா, ஜோஹோ விதிவிலக்கு" என்று ஒருவர் கிளம்புவார், வெளியார் முதலீடு வாங்காமலே அவர் வளர்த்த சாஃப்ட்வேர் கம்பெனியைச் சொல்லி. சரி, விதிவிலக்கு. கடைகளுக்கு மொத்தமாக இமெயில் அனுப்பித் தரும் அமெரிக்கக் கம்பெனி மெயில்சிம்ப்? 2001இல் ஆரம்பித்து, வெளியார் முதலீடே வாங்காமல், 2021இல் இன்ட்யூட் என்ற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனியிடம் சுமார் 1,200 கோடி டாலருக்கு விற்றார்கள். அதுவும் விதிவிலக்கா? அப்படியென்றால் ஃபண்டிங் வாங்கி ஜெயித்தவர்கள் மட்டும் எப்படி விதி ஆனார்கள்?

"உனக்கு வளர பயம்" என்பார் இன்னொருவர். ஆமாம், பயம்தான். ஏழு வீட்டு அடுப்பு.

இன்னொன்று. நாங்கள் பணம் கேட்காமலா இருந்தோம்? 2016இல் ஒரு வங்கியில் கடன் கேட்டேன். "மெஷின் என்ன இருக்கு தம்பி?" என்றார் மேனேஜர். லேப்டாப் என்றேன். சிரித்தார். நாலு தறி இருந்திருந்தால் கடன் கிடைத்திருக்கும். கடைசியில் என் முதல் இன்வெஸ்டர், மனைவியின் நாலு வளையல். நகைக்கடன். பங்கு கேட்கவில்லை, ஆனால் போர்டு மீட்டிங் தினமும் உண்டு.

அந்த வளையல் காசில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஜிஎஸ்டி வந்தது. 2017 ஜூன் 30 ராத்திரி ஒரு கடையில் தரையில் உட்கார்ந்து வரியை மாற்றிக்கொண்டிருந்தேன். முதலாளி டீ வாங்கி வந்து, "காலைல பில்லு போட்ருலாமுங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போட்டோம். 2025இல் வரி மாறியபோதும் அதே கதை. செப்டம்பர் 3 அறிவிப்பு, 22 அமல். 2,500 ரூபாய் வரை ஆடைக்கு 5 சதவீதம், மேலே போனால் 18. தீபாவளிச் சரக்கு கடைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, பழைய பார்கோடு ஒட்டிய பெட்டிகள் மலைபோலக் கிடக்கின்றன. பத்தொன்பது நாளில் 740 கடை. இதற்கெல்லாம் மேடையில் ஸ்லைடு கிடையாது.

நடுவில் ஒரு கூட்டம் கைநிறைய முதலீட்டோடு இதே தெருவில் வந்து "வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று ஆப் கொடுத்தது. அறுபது கடைகள் எங்களை விட்டுப் போயின. யாருடைய வாழ்நாள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் கடையைக் கட்டினார்கள். ஸ்டாக் கணக்கு, கடன் பாக்கி எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டு, அதே கடைக்காரர்கள் என்னிடம்தான் வந்தார்கள். "எப்படியாவது எடுத்துக் குடு கண்ணு." எடுத்துக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. அது தப்பு என்று மனைவி இன்னும் சொல்கிறாள், இருக்கலாம்.

பெட்டிக்கடை என்ற சொல் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பா வைத்திருந்தது பெட்டிக்கடைதான். பஸ் ஸ்டாண்டு பக்கம், இருபத்திரண்டு வருடம். கடன் நோட்டை அவர் மாதிரி எழுத எந்த சாஃப்ட்வேராலும் முடியாது. அந்தக் கடைதான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது. அதை ஒரு ஹாலே சிரிக்கிற ஜோக்காக ஆக்கியதுதான்... விடுங்கள்.

வீடியோவில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேச்சு முடிந்து சாப்பாட்டு வரிசையில் அந்தப் பேச்சாளர் எனக்கு முன்னால் நின்றார். என்ன செய்கிறீர்கள் என்றார், சொன்னேன். "அட, நைஸ்" என்று விசிட்டிங் கார்டு கேட்டார். நான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.