நடுக்கடலில் நங்கூரம் போட்டுத் தூங்க முடியாது

"பாய்மரப் படகில் உலகம் சுற்றுவது ஜாலி, இருட்டினால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுத் தூங்கலாம்" என்று சிலர் சொல்வது கரையோரத்துக்கு மட்டும் சரி. பெருங்கடலில் நடக்கவே நடக்காது.

ஆழம் 10 மீட்டர் என்றால் குறைந்தது 50 மீட்டர் சங்கிலியாவது விட வேண்டும், காற்று பலமானால் இன்னும் கூடுதலாக, ஏனென்றால் சங்கிலி தரையோடு படிந்து பக்கவாட்டில் இழுத்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கடலின் சராசரி ஆழமோ கிட்டத்தட்ட 3,700 மீட்டர். அவ்வளவு சங்கிலியை ஏற்றினால் படகு அங்கேயே மூழ்கும்!

அதனால் ராத்திரியும் படகு ஓடிக்கொண்டேதான் இருக்கும். சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும், ஆனால் எதிரே வரும் கப்பலை ஆள்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேர் என்றால் 3, 4 மணி நேரத்துக்கு ஒருவராக முறை போட்டு விழித்திருப்பார்கள். 1972 சர்வதேச கப்பல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆவது விதியே எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிக்கச் சொல்கிறது. தனியாகப் போகிறவர்கள் அலாரம் வைத்துக் குட்டிக் குட்டித் தூக்கம் போடுகிறார்கள் (விதிப்படி பார்த்தால் அதுவும் தப்புத்தான்). அடிவானத்தில் தலைகாட்டும் சரக்குக் கப்பல் 20 நிமிடத்துக்குள்ளேயே பக்கத்தில் வந்துவிடலாம். ஏஐஎஸ் (கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோ சிக்னலில் அறிவிக்கும் கருவி) இருக்கிறதே என்பீர்கள், அதில் சிக்னல் அனுப்பாத மீன்பிடிப் படகும் மிதக்கும் மரக்கட்டையும் தெரியாது.

முன்பாயை எதிர்ப்பக்கம் திருப்பி, சுக்கானைக் கட்டிவைத்துப் படகைக் கிட்டத்தட்ட நிறுத்தலாம், அது உண்மை. அப்போதும் படகு மெதுவாக நகர்ந்துகொண்டேதான் இருக்கும், காவலுக்கு ஆளும் வேண்டும்.