வாய்க்கூடு போட்ட நாயெல்லாம் கடிநாயா?

"பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் இன நாய் கடிக்கும், நாள் முழுக்க ஓடவிட வேண்டும், வீட்டுக்கு ஆகாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், 2018 வாக்கெடுப்பின்படி 2020 முடிவில் பந்தயங்கள் நின்றபோது, ஓடிய நாய்கள் பல வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன.

பந்தயத்தில் அதன் வாயில் மாட்டும் வாய்க்கூடு, நெருக்கி ஓடும்போது ஒன்றையொன்று கவ்வாமல் இருக்கத்தான். எந்த மூக்கு முந்தியது என்று முடிவுக்கோட்டில் எடுத்த படத்தில் பார்க்கவும் உதவும். ஓட்டமோ சுமார் அரை நிமிடம். மணிக்கு 70 கி.மீ. வரை பாயும், அப்புறம் சோபாவில் சுருண்டுவிடும்.

பழக்க வேண்டியது வேறு. கொட்டிலிலேயே வளர்ந்ததால் பலவற்றுக்கு மாடிப்படியே புதிது. முதல் படியில் நான்கு காலும் விறைத்து நிற்கும். கண்ணாடிக் கதவில் போய் முட்டும். பூனை இருக்கும் வீடு என்றால் மட்டும் யோசியுங்கள், துரத்தும் புத்தி சிலவற்றை விடாது. வெளியில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.