வரிசை எப்படி இல்லாமல் போனது

முந்தாநாள் இங்கே ஒரு பதிவைச் சுற்றி நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்ப எழுதி வளர்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் இரண்டு இரவாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. "வரிசையை ஒழித்த மனுசனைத் தோற்கடித்துவிட்டீர்கள், நன்றி கெட்ட சனம்." அந்த மனுசன், 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவிடம் தோற்ற ரணில் விக்கிரமசிங்க. அந்த வரிசை, 2022 நெருக்கடியில் சனம் எண்ணெய்க்கு நின்ற வரிசை.

சொன்னது யாரோ என்றால் கடந்து போயிருப்பேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் சொன்னாள். அதற்கு நூற்றுக்கும் மேலே ஆட்கள் கை தட்டினார்கள். அவர்களில் அரைவாசிப் பேர் 2022இல் இந்த நாட்டில் ஒரு நாள்கூட வரிசையில் நிற்காதவர்கள்.

முதலில் ஒன்று. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ரணிலுக்கு 84 ஆயிரத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அநுரவுக்கு விழுந்தது 27 ஆயிரம். அதனால் "நீங்கள் தோற்கடித்தீர்கள்" என்று எங்களைப் பார்த்துச் சொல்வதே கணக்குப் பிழை. நான் யாருக்குப் போட்டேன் என்பது என் விஷயம், அநுரவுக்குப் போடவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் இதற்குக் கீழே "தோழர்" என்று வந்து நிற்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரிசையை யாரும் ஒழிக்கவில்லை. சனத்தால் வாங்க முடியாமல் போனது. வாங்க ஆளில்லாத இடத்தில் வரிசை இருக்காது. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். இதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

என் தம்பி கடலுக்குப் போகிறவன். இஞ்சின் போட்ட சின்ன ஃபைபர் படகு. ஒரு தரம் போய்வர 20 லீற்றர் மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஆனி, ஆடி (ஜூன், ஜூலை) மாதங்களில் அவன் கடலில் நின்றதைவிடக் கான் வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். கான்களை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, பெயர் எழுதி, மேலே கல் வைத்துவிட்டு மர நிழலில் படுத்திருப்பார்கள். சில நாள் நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது லீற்றர் 87 ரூபாய். ஆவணியில், ரணில் ஜனாதிபதியாகி ஒரு மாதத்தில், ஒரே இரவில் 340 ரூபாய் ஆக்கினார்கள். 1,740 ரூபாயில் முடிந்த ஒரு நாள் எண்ணெய்ச் செலவு 6,800 ரூபாய் ஆனது. மீன் படுமோ படாதோ, அந்தக் காசைக் கடலில் இறைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் வந்தது. கான் வரிசை இல்லை. தம்பியும் கடலுக்குப் போகவில்லை. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது.

வெளியில் இருந்து படம் பார்த்தவர்களுக்கு அந்த வெறும் எண்ணெய் செட் "மீட்சி" மாதிரித் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது தம்பியின் படகு.

பெற்றோலும் அப்படித்தான். 2021 மார்கழியில் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல் 2022 ஆனிக் கடைசியில் 470. அதற்கு மேலே கியூஆர் குறியைக் காட்டி எண்ணெய் எடுக்கும் முறை, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். முறையைக் குறை சொல்லவில்லை, ஒழுங்காக நடந்தது. ஆனால் அது பங்கீடு. இருப்பதை அளந்து கொடுத்தார்கள். நான் அப்பாவின் பழைய சைக்கிளை இறக்கித் துடைத்து, அதில்தான் பள்ளிக்கூடம் போனேன். என்னைப் போல எத்தனை பேர் சைக்கிளுக்கு மாறினார்கள் என்று வீதியில் பார்த்தாலே தெரிந்தது. அத்தனை பேரும் வரிசையிலிருந்து கழன்ற ஆட்கள்.

நாட்டின் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2021இல் இறக்குமதி 20.6 பில்லியன் டொலர். 2022இல் 18.3. 2023இல் 16.8. சனம் வாயைக் கட்டியதால் மிஞ்சிய டொலர் இது. அதோடு வெளிநாட்டுக் கடனும் கட்டவில்லை. 2022இல் ஏறக்குறைய 7 பில்லியன் டொலர் கட்டியிருக்க வேண்டும். கட்ட முடியாது என்று அறிவித்தது 2022 சித்திரை (ஏப்ரல்) 12ஆம் திகதி, புது வருசத்துக்கு இரண்டு நாள் முன்னால். ரணில் பிரதமரானது வைகாசி (மே) 12. நடுவில் ஒரு மாதம் இருக்கிறது. மத்திய வங்கி ஆளுநராக நந்தலால் வீரசிங்க வந்து, அடுத்த நாளே வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி ஏற்றியதும் அதே சித்திரையில்தான். இந்தியா அந்த ஆண்டில் கொடுத்த கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர் உதவியில் கொஞ்சம் ரணில் வருவதற்கு முன்பே வரத் தொடங்கிவிட்டது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 தொன் அரிசியோடு தமிழ்நாட்டின் முதல் கப்பல் புறப்பட்டது வைகாசி 18. அந்த அரிசிக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எங்கள் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"அப்போ அவர் ஒன்றுமே செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். செய்தார். மற்றவர்கள் தயங்கி நின்ற நேரத்தில் பொறுப்பெடுத்தார். சர்வதேச நாணய நிதியத்தோடு பேச்சை முடித்து, 2023 பங்குனியில் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கினார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொறுப்பெடுத்தவர் சுமையை யார் தலையில் இறக்கினார் என்றும் கேட்க வேண்டும்தானே?

வற் வரி, அதாவது பெறுமதி சேர் வரி, 8 வீதமாக இருந்தது. 12 ஆகி, 15 ஆகி, 2024 தையில் 18 ஆனது. அம்மா வாங்கும் சவர்க்காரத்திலும் அது இருக்கிறது, கொழும்பில் பெரிய வீட்டில் இருப்பவர் வாங்கும் சவர்க்காரத்திலும் அதே அளவு இருக்கிறது. மின்சாரக் கட்டணம் 2022 ஆவணியில் 75 வீதம், அடுத்த மாசியில் இன்னொரு 66 வீதம். உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளைத் தொடவில்லை, ஊழியர் சேமலாப நிதியைத்தான் தொட்டார்கள். என் கணவர் ஒரு தனியார் கொம்பனியில் 22 வருசம் வேலை செய்து சேர்த்த காசு அதில் கிடக்கிறது. விலை 70 வீதம் ஏறிய நாட்டில் அந்தக் காசுக்கு 9 வீதம் தருகிறோம், பயப்படாதே என்றார்கள். அவர் அன்றைக்குப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்து வருவது "பணவீக்கம் குறைந்துவிட்டதே". பணவீக்கம் குறைந்தது, விலை குறையவில்லை. இதை எத்தனை தரம் சொல்வது? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். 2021 புரட்டாதியில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அடுத்த புரட்டாதியில் ஏறக்குறைய 170 ரூபாய். அதற்கடுத்த புரட்டாதியில் பணவீக்கம் 1.3 வீதம்தான், ஆகவே 172. 2024 புரட்டாதியில் பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.5 என்றார்கள். அப்போ 171. அந்த ஒரு ரூபாய்க்கா நன்றி? என் சம்பளத்தில் 2024இல் 10 ஆயிரம் ரூபாய் கூட்டினார்கள், வாங்கினேன், மறைக்கவில்லை. தம்பிக்கு யார் கூட்டினார்கள்? உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் நூறில் 13 பேர் வறுமையில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அது 25. நாலில் ஒருவர். அந்த நாலாவது ஆள் வரிசையில் நிற்க மாட்டார். அவரிடம் காசில்லை.

அம்மாவைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும். கிளினிக்கில் மாதாமாதம் மருந்து தருவார்கள். 2022இல் "இது இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு எழுதித் தந்தார்கள். வெளியில் விலை மூன்று மடங்கு. இருந்தும் எப்படியோ வாங்கிக் கொடுத்தோம். மார்கழியில் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, சேலைக்கடியில் மாத்திரை அட்டைகள். ஒவ்வொன்றிலும் பாதி பாதியாக உடைத்த மாத்திரை. எங்களுக்குத் தெரியாமல் அரை மாத்திரையாகப் போட்டு மிச்சம் பிடித்திருக்கிறார். அடுத்த மாதம் வாங்கக் காசில்லாமல் போனால் என்று.

நாடு இறக்குமதியைக் குறைத்தது என்று சொல்வது இதைத்தான். 2022இன் அந்த 18.3 பில்லியனுக்குள் என் அம்மாவின் அரை மாத்திரையும் இருக்கிறது. ஒருவர் கதிரையில் வந்து அமர்ந்ததால் இந்தப் பொருளாதாரம் நிமிரவில்லை. அரை மாத்திரை போட்டவர்களும், ஒரு நேரச் சோற்றை விட்டவர்களும், தாலிக்கொடியை அடைவில் வைத்தவர்களும், 2022 ஒரே ஆண்டில் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போன 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களும் தாங்கிப் பிடித்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நன்றி கெட்டவர்கள் என்கிறீர்கள்.

2024 புரட்டாதியில் கதிரை மாறியது. பத்து நாளில் நாடு குப்புற விழும் என்று புரட்டாதி முழுக்கச் சொன்னார்கள். மாறிய பிறகும் அமெரிக்க டொலர் அதே 300 ரூபாயைச் சுற்றித்தான் நின்றது. அப்போது மத்திய வங்கி ஆளுநரும் மாறவில்லை, திறைசேரிச் செயலாளரும் மாறவில்லை, நாணய நிதியத் திட்டமும் தொடரும் என்று புதியவர் சொல்லிவிட்டார். 2022இல் நடந்த மாற்றம் வேறு. அப்போது ஜனாதிபதி கோட்டாபய விமானமேறி ஓடினார், கஜானாவில் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை. அதற்கு யார் பொறுப்பு என்று 2023இல் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ராஜபக்ச சகோதரர்கள் கோட்டாபய, மஹிந்த, பசில், முன்னாள் மத்திய வங்கி ஆளுநர் கப்ரால் என்று பெயர் பெயராகச் சொன்னது. அவர்களைக் கேட்காத நன்றிக் கணக்கை எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்? புதியவர் நல்லது செய்வாரா என்று எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றுமில்லை. எங்கள் காணி, எங்கள் காணாமல்போன பிள்ளைகள் என்று வரும்போது கொழும்பில் யார் வந்தாலும் ஒரே மாதிரித்தான் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை. வேறு கதையும் இல்லை.

ஏனென்றால் 90களில் எங்களுக்குப் பொருளாதாரத் தடை போட்டபோதும் இங்கே ஒரு பொருளாதாரம் இருந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை, கரண்ட் வருசக்கணக்கில் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். 2022இல் தெற்கில் 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று சனம் தெருவுக்கு வந்தபோது, எங்கள் ஊரில் பெரியவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் பரணிலிருந்து விளக்கை இறக்கினார்கள். சந்தோசப்படவில்லை. யாரும் சந்தோசப்படவில்லை, இதையும் திரித்து எழுதாதீர்கள்.

அந்த ஜாம் போத்தல் வெளிச்சத்தில் என்னோடு படித்தவள்தான் முந்தாநாள் அதை எழுதினாள்.

உனக்கே நேரே சொல்கிறேன். 2022 ஆடியில் அம்மாவின் மருந்துக்கு நீ கனடாவிலிருந்து காசு அனுப்பினாய். நான் மறக்கவில்லை, சாகும்வரை மறக்க மாட்டேன். அதனால்தான் அந்தச் சொல் இப்படி நோகிறது. ஆனால் ஒன்றை நீயும் யோசி. முன்பு உன் 100 கனடா டொலர் இங்கே 16 ஆயிரம் ரூபாய் அளவில் வரும். ரூபாய் விழுந்த பிறகு அது 28 ஆயிரம் அளவுக்கு வந்தது. நீ வந்து ஊரைப் பார்த்தபோது எல்லாம் மலிவாக இருந்தது, வரிசையும் இல்லை, கடையில் எல்லாம் இருந்தது. அதே ரூபாய் விழுந்ததில்தான் என் சம்பளம் பாதியானது. நாம் இரண்டு பேரும் ஒரே கடைக்குத்தான் போனோம். நீ கூடை நிறைய எடுத்தாய், நான் விலையைப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். நீ அதைக் கவனிக்கவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

மார்கழிக்கு வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வா. தம்பியும் இருப்பான், இப்போது ஒரு சம்மாட்டியின் படகில் பங்குக்குப் போகிறான். நீ எழுதியதை அவனிடம் நேரே சொல், அவன் என்ன சொல்கிறான் என்று கேள். அம்மாவிடம் மட்டும் இந்தப் பதிவைப் பற்றி வாய் திறக்காதே. அந்த அட்டைகளை நான் பார்த்தது அவருக்கு இன்னும் தெரியாது. அன்றிலிருந்து இரண்டு வேளையும் மாத்திரையை நானே எடுத்து, தண்ணீரோடு கையில் கொடுத்து, அவர் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். ஏன் என்று அவரும் கேட்டதில்லை.