செர்கோ ஜகாரியாட்சே: ‘வாழ்ந்திருக்கிறார்’ என்பது பாராட்டா?

ஒரு நடிகரைப் பற்றி ‘நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பாராட்டே இல்லை என்று நாம் நினைக்கிறோம். ஜார்ஜிய நடிகர் செர்கோ ஜகாரியாட்சேயைப் பற்றியும் ‘ஒரு சிப்பாயின் தந்தை’ (1964) படத்தைப் பார்த்தவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு அவருடைய உழைப்பை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

1909இல் பாகு நகரில் பிறந்தவர் அவர். மார்ஜனிஷ்விலி நாடக அரங்கில் நெடுங்காலம் நடித்துவிட்டுப் பின்னர் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியின் ருஸ்தாவேலி அரங்கின் முன்னணி நடிகராக விளங்கினார். அங்கே கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் ஈடிபஸ் மன்னனாக மேடையேறியவர். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி குரலை வீசி, உடலை நிமிர்த்தி, துயரத்தைப் பேருருவாக்கிக் காட்டும் கலை அது. அப்படிப் பழகியவர், ரெசோ ச்கெய்ட்சே இயக்கிய அந்தப் படத்தில், ஜார்ஜியாவின் காகேத்தி வட்டாரத்துத் திராட்சை விவசாயி கியோர்கி மகாராஷ்விலியாக, சற்றே கூனிய முதுகோடும் தடுமாறும் ரஷ்ய மொழியோடும் வந்து நிற்கிறார். வேடமேற்றபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்துகூட நிறைந்திருக்கவில்லை. பார்ப்பவருக்கோ எழுபதைத் தொட்ட கிழவராகத் தெரிகிறார்.

இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட மகனைப் பார்க்க மருத்துவமனைக்குப் புறப்படும் அந்தத் தந்தை, மகன் குணமாகிப் போர்முனைக்குத் திரும்பிவிட்டதை அறிந்து, தானும் சோவியத் படையில் சேர்ந்து ஜெர்மனி வரை போகிறார். அங்கே திராட்சைத் தோட்டத்தை மிதித்து வரும் தங்கள் படையின் டாங்கியையே அவர் மறிக்கும் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெடித்துக் கத்தும் அதே மனிதர், திராட்சைக் கொடியைத் தொட்டதும் குழந்தையிடம் பேசுவதுபோல் குரலை இறக்கிவிடுகிறார். எதிரியின் மண்ணில் விளைந்தாலும் கொடி கொடிதான் என்பதை வசனத்தைவிட அந்த விரல்களே அதிகம் சொல்கின்றன. ஓங்கிய குரலிலிருந்து முணுமுணுப்புக்கு ஒரே மூச்சில் இறங்குவது, என்னைக் கேட்டால், மேடையில் பல ஆண்டுகள் மூச்சைப் பழக்கியவரால் மட்டுமே முடியும். இறுதியில், ஒரே கட்டடத்தின் மேல்தளத்தில் மகன், கீழே தந்தை, இடையில் எதிரிகள் என நின்று இருவரும் ஒருவரையொருவர் கூவியழைக்கும்போது, முகம் பார்க்க வழியில்லாத நிலையில் குரல் ஒன்றே தந்தையாகிறது. மேடைக்காரர் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்தக் காட்சியும் காட்டவில்லை.

1965இல் மாஸ்கோ திரைப்பட விழாவின் சிறந்த நடிகர் விருதும், மறு ஆண்டு சோவியத் நாட்டின் லெனின் பரிசும் கிடைத்தன. காகேத்தியின் குர்ஜானி நகரில் அந்தத் தந்தைக்குச் சிலையும் உண்டு. ஆனால் ஒரே வேடத்தில் அவரை உறைய வைத்துவிடுவது நியாயமாகாது. ‘வாட்டர்லூ’ (1970) படத்தில் நெப்போலியனை எதிர்த்து வரும் பிரஷ்யத் தளபதி ப்ளூஹரும் இவரே; திராட்சைக் கொடிக்காகக் கலங்கிய முகத்தின் சாயலே அதில் இல்லை.

எனக்கு இன்னும் நெருக்கமானது, கியோர்கி தனேலியாவின் ‘வருந்தாதே’ (1969). மரணம் நெருங்கிவிட்டதை அறிந்த முதிய மருத்துவர் லெவான், தனக்கான இழவு விருந்தைத் தான் உயிரோடிருக்கும்போதே ஏற்பாடு செய்து, நண்பர்கள் மதுக்கிண்ணம் ஏந்தித் தன்னைப் பற்றிச் சொல்லப்போவதைக் கேட்க உட்காருகிறார். விருந்துமேசையில் வாழ்த்துரை சொல்வதைக் கலையாகவே வளர்த்த ஜார்ஜியர்களின் மண்ணுக்கே உரிய கற்பனை இது. அழ வைக்க எல்லா வாய்ப்பும் இருந்தும் ஜகாரியாட்சே அதைத் தொடவில்லை. விருந்தினரை உபசரிக்கும் வீட்டுக்காரராகவே இருக்கிறார். 1971 ஏப்ரலில் அவரே காலமானார்.