மழைக்கோட்டு போட்டு ஓடினால் கொழுப்பு கரையாது

கிருஷ்ணகிரி பக்கம் குத்துச்சண்டை, ஜூடோ பழகும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "வெயிலில் மழைக்கோட்டு போட்டு ஓடினால் ஒரே நாளில் 2 கிலோ கொழுப்பு கரையும், தம்மும் கூடும்."

இது தவறு. இறங்குவது கொழுப்பு இல்லை, தண்ணீர். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. குடித்ததும் எடை திரும்பிவிடும். எடை மெஷினில் நீங்களே பார்க்கலாம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கோட்டுக்குள் வியர்வை ஆவியாகாது, உடல் சூடு தணியாது. 1997 கடைசியில் அமெரிக்காவில் இப்படி வியர்வை வழியவிட்டு அவசரமாக எடை குறைத்த 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 1998 பிப்ரவரி அறிக்கையில் விவரம் உள்ளது. இணையத்தில் யாரும் படிக்கலாம். அந்த மரணங்களுக்குப் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில், மழைக்கோட்டு போலவே வியர்வையை ஆவியாக விடாத ரப்பர் உடைக்கே தடை போட்டுவிட்டார்கள்.

சரி, தம்மை, அதாவது மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கும் திறனை, கூட்ட என்ன வழி? குத்துச்சண்டையில் பொதுவாக ரவுண்டு 3 நிமிடம், ஓய்வு 1 நிமிடம். வாரத்தில் சில நாள் அதே கணக்கில் ஸ்கிப்பிங். மற்ற நாள்களில் காலை வெயில் ஏறும் முன் கிருஷ்ணகிரி அணைப் பக்கம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நிதான ஓட்டம். முட்டி வலித்தால் சைக்கிள். அலுப்பான வேலைதான்.

அந்த ஃபார்வர்டு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.