ஹானாபிக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம்?

ஹானாபியைக் கேவலப்படுத்தி ஒருவர் போட்ட பதிவுக்குக் கீழேயே பதில் எழுதியிருக்கலாமே என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். எழுதினேன். கொஞ்ச நேரத்தில் என் கமெண்ட்டைத் தூக்கிவிட்டார்கள். அதனால் என் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

'குஸு நோ ஹொன்காய்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில், பள்ளி மாணவியான நாயகி ஹானாபி வரும் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டி, மேலே ஒரு கெட்ட வார்த்தை, கீழே "இவளையெல்லாம் எவன் கட்டுவான்" என்று ஒரு கேள்வி. அதற்குச் சிரித்தவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான் மதிக்கிறவர்களின் பெயர்களும் இருந்தன. அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அவளோடு ஒப்பந்தம் போட்ட சக மாணவன் முகி எங்கே போனான்?

அந்த ஒப்பந்தத்தைப் போட்டது இரண்டு பேர். ஹானாபிக்கு, பக்கத்து வீட்டு அண்ணனாகப் பழகி இப்போது வகுப்பாசிரியராக வந்து நிற்கும் கனாய் மேல் காதல். முகிக்கு, முன்பு டியூஷன் எடுத்து இப்போது அதே பள்ளியில் இசை சொல்லித்தரும் அகானே மேல். கைகூடாது என்று இருவருக்கும் தெரியும். தனிமை தாங்காமல், ஒருவருக்கொருவர் மாற்றாக இருப்போம், நமக்குள் காதல் வரக்கூடாது, யாருக்காவது காதல் கைகூடினால் பிரிந்துவிடுவோம் என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் பேசி. இதில் அவள் செய்து அவன் செய்யாதது என்ன? சொல்லப்போனால் முகிக்கு அதற்கு முன்பே ஒரு சீனியர் பெண்ணோடு பழக்கம் இருந்தது. சின்ன வயதிலிருந்து தன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் மொகாவின் மனசும் அவனுக்குத் தெரியும். அவனுக்கு மீம் வந்ததா? "பாவம் பையன்" என்று கடந்துவிட்டீர்கள்.

"தன்னைக் காதலிக்கும் தோழி எபாதோவின் அன்பை ஹானாபி பயன்படுத்திக்கொள்ளவில்லையா?" என்பார்கள். பயன்படுத்திக்கொள்கிறாள். கதையே அதை மறைக்கவில்லை. அது தனக்குத் தெரிந்தே நடக்கிறது என்று அவள் தன்னையே தின்றுகொள்கிறாள். ரயிலில் எபாதோவிடம் ஒருவன் அத்துமீறியபோது உதவிக்கு வந்தவளும் இதே ஹானாபிதான். அந்தக் காட்சி உங்கள் கிளிப்பில் இல்லை.

இன்னொரு கூட்டம், இது பிள்ளைகளைக் கெடுக்கும் தொடர் என்கிறது. 2017 ஜனவரி முதல் மார்ச் வரை ஃபுஜி டிவியில் நள்ளிரவு தாண்டி வந்த தொடர் இது, மொத்தம் 12 எபிசோட். மூலமான மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வந்ததும் வளர்ந்த வாசகர்களுக்கான இதழில்தான். வரைந்தவர் மெங்கோ யோகோயாரி. 'ஓஷி நோ கோ' மங்காவுக்கும் படம் வரைந்தவர் அவரேதான். அது வந்தபோது நீங்கள் எல்லோரும் டிபி மாற்றிக் கொண்டாடினீர்கள்.

சில இடங்களில் கேமரா தேவைக்கு மேல் நிற்கிறது, உண்மை. பள்ளிப் பிள்ளைகளை அப்படிக் காட்டியிருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். இதை யாராவது நிதானமாக எழுதினால் நானே பகிர்வேன். அந்தப் பதிவில் அப்படி ஒரு வரிகூட இல்லையே.

தொடர் இந்த உறவை அழகாகக் காட்டுகிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தொடரை எடுத்த லெர்ச்சே ஸ்டூடியோ திரையைக் கட்டம் கட்டமாக உடைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரே அறையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் தனித்தனியாக நிற்கிறார்கள். ஒவ்வொரு நெருக்கத்துக்குப் பிறகும் ஹானாபியின் குரலில் வெறுமைதான் கேட்கிறது. இதைப் பார்த்து யாருக்கு ஆசை வரும்?

பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் ஒரு பையனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஆசிரியர்கள் கையில் சிக்கின. இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் கழிவறைச் சுவரில் ஏறியது அவள் பெயர் மட்டும். அவள் அப்பா வந்து டிசி வாங்கிக்கொண்டு போனார். அவன் அடுத்த ஆண்டு மாணவர் தலைவன், ஆண்டு விழாவில் மேடையேறி வரவேற்புரை வாசித்தான். நாங்கள் கைதட்ட வேண்டியிருந்தது. அவள் அம்மா என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "உன்கூடத்தானே இருந்தா, அவ அப்படிப்பட்டவளா பாப்பா?" என்று கேட்டார். அந்த வயதில் எனக்கு அழத்தான் தெரிந்தது.

உடனே "ஒரு கார்ட்டூனுக்கு இவ்வளவா" என்று ஒருவர் வருவார். வாருங்கள். கற்பனைப் பெண் மேல் எறிகிற சொல்லைத்தானே நிஜப் பெண் மேலும் எறிகிறீர்கள்? உங்களிடம் வேறு சொல் இருக்கிறதா?

அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஹானாபி கனாயிடம் தன் காதலைச் சொல்லும் இடம். தோற்கத்தான் போகிறாள் என்று தெரிந்தே சொல்கிறாள். அவன் அதைக் கேவலப்படுத்துவதில்லை. மரியாதையோடு கேட்டு, மரியாதையோடு மறுக்கிறான். அவள் உடைந்து அழுகிறாள். முதல் எபிசோடில் தன்னிடம் காதல் சொன்ன பையனை அலட்சியமாகத் துரத்தியவள் அவள். அவள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது அந்த அழுகையில் தெரிகிறது. கடைசியில் முகியோடும் சேருவதில்லை. ஏன் சேர்த்துவைக்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. சேர்த்துவைத்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். மாற்றாக யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நிற்க அவளுக்கு அப்போதுதான் வந்திருக்கிறது. பதினேழு வயதில் அது எத்தனை பேருக்கு வரும்? நாற்பது வயதில் கீழே கமெண்ட் போடுகிற எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?

நான் சொன்ன தோழி என் நட்புப் பட்டியலில் இருக்கிறாள். பதிவு போட்டவரின் பட்டியலிலும் இருக்கிறாள். அவள் கண்ணில் அது பட்டிருக்கும்.

அந்த கிளிப்பை எடுத்துவிடுங்கள். தொடர் பிடிக்கவில்லை என்று பத்துப் பக்கம் எழுதுங்கள், உட்கார்ந்து படிக்கிறேன், பதிலும் எழுதுகிறேன். அந்த வார்த்தையை மட்டும் எடுங்கள். இங்கே வந்தும் அதையே எழுதினால் அழித்துவிடுவேன், ஆள் யாராக இருந்தாலும்.